பிளாட்பெட் ஓடுகிறவருக்கு வின்ரர்: வேலை எவ்வளவு குறையும், காசு எங்கே போகும்

கேட்டவரின் நிலை இது: ஒன்ராறியோவில் ஏ-இசட் (கனரக ட்ரக்) லைசன்ஸ், மூன்று வருடமாக மூடிய ட்ரெய்லர், பாதி ஓட்டம் அமெரிக்காவுக்குள். பிளாட்பெட்டுக்கு (சுவரும் கூரையும் இல்லாத திறந்த ட்ரெய்லருக்கு) மாறினால் சம்பளம் கூட என்று சிலர் சொல்கிறார்கள். வின்ரரில் வேலை படுத்துவிடும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எதை நம்புவது, எப்போது மாறுவது?

இரு தரப்பும் சொல்வது சரிதான். மைலுக்கு இத்தனை சதம் என்று ஓடும் கொம்பனி ட்ரைவருக்கு வின்ரர் வந்ததும் அந்தச் சதம் குறைவதில்லை. காசு தரும் மைல்கள் குறையும், காசு தராத மணித்தியாலங்கள் கூடும். அதனால் கொம்பனியோடு கதைக்கும்போது மைலுக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், சில்லு உருளாத நேரத்துக்கு என்ன தருவீர்கள் என்றும் கேட்கவேண்டும்.

வேலை ஏன் குறைகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளாட்பெட்டில் போகும் சாமானில் பெரும் பங்கு கட்டடத் தொழிலுக்கானது: மரம், கூரை ஓடு, ஜிப்ரொக் (சுவர்ப் பலகை), கம்பி, குழாய், கல். வடக்கில் நிலம் உறைந்ததும் அத்திவாரம் வெட்டுவதும் கூரை போடுவதும் நின்றுவிடும். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட கிழமையில் கார் தொழிற்சாலைகள் மூடுவதால் அவற்றுக்குப் போகும் ஸ்டீல் கொயிலும் (சுருட்டிய இரும்புத் தகடு) நிற்கும். ஜனவரியும் பெப்ரவரியும்தான் அடிமட்டம். மார்ச்சில் லோட் விலை எழும்பத் தொடங்கும், வசந்தத்திலும் கோடை தொடக்கத்திலும் உச்சம் தொடும். இந்தச் சுற்று எல்லா வருடமும் வரும். 2025இல் அமெரிக்கா ஸ்டீலுக்கும் அலுமினியத்துக்கும் மார்ச்சில் 25 வீதமும் ஜூனில் 50 வீதமும் வரி போட்டது. ஹமில்ரன் பக்கத்திலிருந்து எல்லை தாண்டும் ஸ்டீல் லோட்டுக்கு அது பருவத்தோடு சம்பந்தமில்லாத தனி அடி. ஒரு கொம்பனி "வின்ரர்தான் காரணம்" என்று சொன்னால், அவர்களுடைய லோட்டில் எவ்வளவு ஸ்டீல் என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லாமே படுப்பதில்லை. டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா பக்கம் வின்ரரிலும் கட்டடவேலை நடக்கும். அல்பேர்டாவில் நிலைமை தலைகீழ். சேற்று நிலம் உறைந்தால்தான் கனரக இயந்திரம் உள்ளே போகமுடியும், அதனால் எண்ணெய்க் கிணற்றுக் குழாயும் இயந்திரத்துக்கு நிலத்தில் விரிக்கும் மரப் பாய்களும் குளிரில்தான் அதிகம் ஓடும். ஐஸ் புயல் ஒன்று மின்கம்பங்களைச் சாய்த்தால் கம்பம், ட்ரான்ஸ்போமர் ஏற்ற பிளாட்பெட் தேடி அலைவார்கள். அந்த ஓரிரு கிழமை விலை ஏறும். அதை நம்பி வீட்டு மோர்ட்கேஜ் போடக்கூடாது.

இனிக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக மட்டும் எடுத்துக்கொண்டவை. மைலுக்கு 60 சதம், ஒரு லோட்டுக்குத் தறப்பாள் போட 50 டொலர், லேஓவர் (லோட் இல்லாமல் வழியில் காத்து நிற்கும்) நாளுக்கு 100 டொலர் என்று வையுங்கள். நல்ல கிழமையில் 2,400 மைல், மூன்று தறப்பாள் லோட்: 1,440 உடன் 150 சேர்ந்து 1,590 டொலர். மோசமான ஜனவரிக் கிழமையில் 1,600 மைல், இரண்டு தறப்பாள் லோட், ஒரு நாள் லேஓவர்: 960, 100, 100, ஆக 1,160. கிழமைக்கு 430 டொலர், அதாவது கால்பங்குக்கு மேல் போய்விட்டது. லேஓவர் தராத கொம்பனியாக இருந்தால் இன்னொரு 100 போகும். இரண்டு கிழமையிலும் வீட்டைவிட்டு வெளியே நின்ற நாட்கள் ஒன்றுதான்.

லோட் விலையில் வீதம் வாங்குகிறவருக்கு அடி இரட்டை. விலையும் குறையும், லோட் எண்ணிக்கையும் குறையும். சொந்த ட்ரக் என்றால் அதற்கு மேல் லீஸும் இன்சூரன்சும் மாதாமாதம் அப்படியே நிற்கும். அப்படிப்பட்டவர் மே, ஜூன் மாதக் காசில் இரண்டு மாதக் கட்டுக்காசை ஒதுக்கிவைக்காமல் ஜனவரிக்குள் நுழையக்கூடாது.

தறப்பாளைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் வின்ரர்ச் சம்பளம் ஓட்டையாகும் இடம் அதுதான். மரத்துக்குப் போடும் தறப்பாள் ஒன்று 80 முதல் 110 இறாத்தல் வரை நிறை, ஒரு லோட்டுக்கு இரண்டு தேவை. கோடையில் பழகிய கை முக்கால் மணித்தியாலத்தில் போட்டுக் கட்டிவிடும். குளிரில் அதே வேலைக்கு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். தறப்பாளின் வைனில் (பிளாஸ்டிக்) துணி விறைத்துப் பலகைபோல நிற்கும், மடிப்பில் தங்கிய தண்ணீர் ஐஸாகி நிறையைக் கூட்டும், மடிப்பை இழுத்தால் வெடிக்கும். இதற்கு மேல், கோடையில் திறந்தபடி போகும் இரும்பையும் வின்ரரில் மூடச்சொல்வார்கள், ரோட்டில் கொட்டும் உப்பு பட்டால் துரு ஏறும் என்பதால். ஆக வின்ரரில் தறப்பாள் லோட் கூடும், ஒவ்வொன்றுக்கும் நேரம் இரட்டிக்கும், தரும் 50 டொலர் 50 ஆகவே இருக்கும். மணித்தியாலக் கணக்கில் பார்த்தால் தறப்பாள் காசு பாதியாகிவிட்டது.

அந்த நேரம் லொக்புக்கிலும் (வேலை நேரப் பதிவிலும்) விழுகிறது. தறப்பாள் போடுவது ஓட்டாத வேலை நேரம். அமெரிக்க விதியில் 11 மணித்தியாலம் ஓட்டலாம், ஆனால் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணித்தியாலத்துக்குள். காலையில் லோட் ஏற்ற மூன்று, தறப்பாளுக்கு இரண்டு என்று ஐந்து மணித்தியாலம் போனால் மிச்சம் ஒன்பதுதான். எட்டு நாளில் 70 என்ற மொத்தக் கணக்கையும் அதே நேரம் தின்னும். மூடிய ட்ரெய்லர்காரர் அந்த நேரத்தில் படுத்திருப்பார்.

தறப்பாள் வேலையைச் சுலபமாக்கும் வழிகள் உண்டு. லோட் ஏற்றும் இடத்தில் உள்ளே நின்று மூட இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். பல ஸ்டீல் ஆலைகளில் இருக்கும், கேட்காதவருக்குச் சொல்லமாட்டார்கள். சுருட்டிய தறப்பாளை போர்க்லிப்ட்டால் லோட்டின் மேல் வைக்கச்சொல்லுங்கள். காற்று அடிக்கும் பக்கத்து விளிம்பை முதலில் கட்டிவிட்டுத்தான் மற்றப் பக்கத்தை விரிக்கவேண்டும். மாறிச் செய்தால் தறப்பாள் கப்பல் பாயாகி ஆளையும் கொண்டு போகும். கழற்றும்போது மரத்தோடு ஒட்டி உறைந்திருந்தால் ஓர் ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள், சுத்தியலால் அடித்தால் கிழியும். மடிக்க முடியாதபடி விறைத்திருந்தால் மடிக்க மல்லுக்கட்ட வேண்டாம். தளர்வாகச் சுருட்டி டெக்கில் ஸ்ட்ராப் போட்டு இறுக்கி, சூடான களஞ்சியம் கிடைக்கும் இடத்தில் விரித்து மடியுங்கள்.

தறப்பாளைப் பிடிக்கும் ரப்பர் கொழுக்கிக்கு இங்கே பஞ்சி என்று பெயர். நம்முடைய பஞ்சி (சோம்பல்) அல்ல, ஆனால் குளிரில் அதுவும் வேலை செய்ய மறுக்கும். விறைத்த ரப்பரை இழுத்துக் கொழுவும்போது அறுந்தால் கொழுக்கி நேரே முகத்துக்கு வரும். இயற்கை ரப்பரில் செய்தவை குளிரைக் கூடத் தாங்கும். பழசும் வெடிப்பு விழுந்ததும் நவம்பரிலேயே குப்பைக்குப் போகவேண்டும். இருபது முப்பது பஞ்சியை எப்போதும் கெபினுக்குள் சூட்டில் வையுங்கள். இழுக்கும் திசையிலிருந்து முகத்தை விலக்கிப் பிடியுங்கள்.

லோட் கட்டுவதில் விதி பருவத்துக்குப் பருவம் மாறாது. கட்டுகளின் மொத்தப் பலம் சாமானின் நிறையில் பாதியாவது இருக்கவேண்டும். 48,000 இறாத்தல் லோட் என்றால் 24,000. நான்கு அங்குல ஸ்ட்ராப்பின் பலம் 5,400 என்பதால் ஐந்து ஸ்ட்ராப். நீளத்தைப் பொறுத்து எண்ணிக்கை கூடலாம். மாறுவது உராய்வு. அலுமினிய டெக்கில் ஓர் ஐஸ் படலம் இருந்தால், அதன் மேல் வைத்த மரக்கட்டையும் அதன் மேல் வைத்த கொயிலும் சவர்க்காரத்தில் வைத்ததுபோல. லோட் ஏற்றமுன் டெக்கைச் சுரண்டித் துப்புரவாக்குங்கள். ஐஸ் பிடித்த மரக்கட்டையைப் பாவிக்காதீர்கள். ரப்பர் பாய் இருந்தால் போடுங்கள்.

அடுத்த பிழை பலருக்கும் தெரியாமலே நடக்கும். ஸ்னோ படிந்த மரக்கட்டின் மேல் ஸ்ட்ராப்பைப் போட்டு இறுக்குவார்கள். வின்ச் (ஸ்ட்ராப்பைச் சுற்றி இறுக்கும் உருளை) நன்றாக இறுகியதுபோல இருக்கும். உண்மையில் இறுகியது ஸ்ட்ராப்புக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்னோ. ஐம்பது மைலில் அது நசிந்து, உருகி இல்லாமல் போய்விடும், ஸ்ட்ராப் கையால் ஆட்டும் அளவுக்குத் தொங்கும். முதல் 50 மைலுக்குள் ஒரு சோதனை, பிறகு 150 மைல் அல்லது மூன்று மணித்தியாலத்துக்கு ஒன்று என்ற விதி இதற்காகவே எழுதினதுபோல் இருக்கும். வின்ரரில் முதல் சோதனையை 20, 25 மைலிலேயே செய்யுங்கள். ஸ்ட்ராப் போகும் இடத்தையாவது கையால் தட்டிவிட்டுக் கட்டினால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

நனைந்த ஸ்ட்ராப்பை வின்ச்சில் சுற்றிவிட்டுப் படுத்தால் காலையில் அது இரும்புக் குண்டு. கழற்றிய ஸ்ட்ராப்பைத் தண்ணீர் உதறிச் சுருட்டி உள்ளே வையுங்கள். வின்ச்சைத் திருப்பும் கம்பியில் ஐஸும் கையுறையில் ஈரமும் சேர்ந்தால் கம்பி நழுவும், தாடை உடைந்தவர்கள் இருக்கிறார்கள். கம்பிக்கு நேரே முகத்தை வைத்து உடம்புப் பாரத்தைப் போடவே கூடாது. தண்ணீர் புகாத கையுறை மூன்று சோடியாவது வேண்டும்: ஒன்று கையில், ஒன்று ஹீட்டரில் காய, ஒன்று காய்ந்தபடி. சப்பாத்துக்கு மாட்டும் முள்ளு நிலத்து ஐஸுக்கு நல்லது, வெறும் அலுமினியத்தில் அதுவே வழுக்கும். லோட்டின் மேல் ஏறுவதானால் ஏணி, அதுவும் தேவைக்கு மட்டும். பிளாட்பெட்டில் விழுந்து அடிபடுகிறவர் வாரக்கணக்கில் வீட்டில் இருப்பார், அந்தச் சம்பள இழப்புக்கு முன்னால் மேலே சொன்ன 430 டொலர் ஒன்றுமே இல்லை.

கொயில் ஏற்றுகிறவர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மைனஸ் குளிரில் ஒரு நாள் ஓடி வந்த கொயிலைச் சூடான, ஈரப்பதமான கட்டடத்துக்குள் கொண்டுபோனால் அது வியர்க்கும். தறப்பாளில் ஓட்டை இல்லாமலே கொயில் நனைந்திருக்கும், இறக்குகிறவர் "ஈரம்" என்று பில்லில் எழுதுவார், கொம்பனி உங்களைக் கேட்கும். தறப்பாளைக் கழற்றியவுடனேயே, உள்ளே கொண்டு போகமுன், கொயிலின் படத்தைத் திகதி நேரத்தோடு எடுத்து வையுங்கள்.

ரோட்டுக்கு வருவோம். சில்லுக்குப் போடும் சங்கிலிக்கான விதி இடத்துக்கு இடம் வேறு. கொலராடோவில் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப்பகுதியில், டொட்செரோவுக்கும் மொரிசனுக்கும் இடையே, கனரக வாகனம் சங்கிலி கொண்டுபோக வேண்டும். சங்கிலிச் சட்டம் அமலில் இருக்கும்போது போடாமல் போனால் 500 டொலர், போடாததால் ரோட்டை அடைத்தால் 1,000 டொலர், அதற்கு மேல் கட்டணமும் உண்டு. வொஷிங்டன் மாநிலத்தில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒக்டோபர் 1 முதல் பெரும்பாலான மலை ரோடுகளில் ஏப்ரல் 30 வரை, 11,794 கிலோவும் அதற்கு மேலும் உள்ள வாகனங்களுக்கு. அங்குள்ள கொக்கிஹாலா மலை ரோட்டில் ஓடுகிறவர் இதை மறக்கமுடியாது. பழகியவருக்குச் சங்கிலி போட அரை மணித்தியாலம், பழகாதவருக்கு ஒன்றரை. போட்டபின் 25, 30 மைல் வேகம்தான். சங்கிலிக்குத் தனிக் காசு தரும் கொம்பனிகள் உண்டு, தராதவையும் உண்டு. முதன்முதலில் அதைப் பிரிப்பது உங்கள் யார்டில், பகலில், காய்ந்த நிலத்தில் என்று இருக்கட்டும்.

கிழக்கில் சங்கிலியை விடத் தடைதான் பிரச்சினை. பென்சில்வேனியா புயலுக்குப் படிப்படியாகத் தடை போடும். முதல் படியிலேயே வெறுமையான அல்லது பாரம் குறைந்த திறந்த ட்ரெய்லர் ரோட்டில் இருக்கக்கூடாது, நான்காம் படியில் எந்த வணிக வாகனமும் ஓடாது. லோட்டை இறக்கிவிட்டு வெறும் டெக்கோடு வீடு திரும்பும் பிளாட்பெட்காரர்தான் முதலில் மாட்டுப்படுவார், மைலும் இல்லாமல் லோட்டும் இல்லாமல். அதே மாநிலத்தில் 2022 சட்டப்படி, புயல் நின்று 24 மணித்தியாலத்துக்குள் வாகனத்தின் மேல் சேர்ந்த ஸ்னோவையும் ஐஸையும் அகற்றவேண்டும். தறப்பாளின் குழிகளில் உறைந்த ஐஸ் தட்டு பறந்து பின்னால் வரும் காரின் கண்ணாடியில் விழுந்தால் பொறுப்பு உங்களுடையது. ஈரி ஏரி, ஒன்ராறியோ ஏரிக் கரைகளில் பஃபலோ, வோட்டர்டவுன் பக்கமும், ஹூரன் ஏரியிலிருந்து ஒன்ராறியோவின் லண்டன் பக்கமும் வரும் ஸ்னோ ஸ்குவோல் (திடீர்ப் பனிச் சூறை) பத்து மைல் அகலத்தில் ரோட்டை மறைத்துவிடும். வயோமிங் ஐ-80 காற்றுக்கு மூடும்.

ஓடும் நேரத்தை நீட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்காவில் எதிர்பாராத மோசமான நிலைமைக்கு இரண்டு மணித்தியாலம் கூட்டலாம். 2020 செப்டம்பரிலிருந்து 14 மணித்தியால வரம்பும் சேர்ந்து நீளும். "எதிர்பாராத" என்ற சொல் முக்கியம். காலையில் புறப்படும்போதே வானிலை அறிவித்தலில் இருந்த ஸ்னோவுக்கு அதைப் பாவித்தால் லொக்கில் பிழை. மறுபக்கம், நிலைமை ஆபத்தென்றால் நிறுத்தும் கடமை ட்ரைவருக்கு உண்டு, அதுவும் எழுதிய விதி. விதியை மீறி ஓடச்சொல்லி வற்புறுத்துவது அமெரிக்காவில் 2016இலிருந்து தனிக் குற்றம். கனடாவில் ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை தொழிற் சட்டத்தில் இருக்கிறது. டிஸ்பாட்சோடு (லோட் ஒதுக்கும் அலுவலகத்தோடு) வாயால் வாதாடாமல் ரோட்டின் நிலைமையை மெசேஜாக அனுப்புங்கள்.

அகலம், நீளம் கூடிய லோட் ஓடுகிறவருக்குக் காசு கூட, வின்ரர் அடியும் கூட. பெர்மிற்றில் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் மட்டும் என்றிருக்கும், ஐஸ் ரோட்டில் பெர்மிற் செல்லாது. டிசம்பர் 21இல் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் குறைவு. கோடையில் இரண்டு நாளில் முடியும் ஓட்டம் நான்கு நாள் எடுக்கலாம். அந்த லோட்டுக்கு மைல் கணக்கில் சம்பளம் வாங்காதீர்கள், வீதமோ நாட்சம்பளமோ பேசுங்கள்.

ட்ரக்கில் குளிர் காசைத் தின்னும் இடங்களில் முதலாவது டீசல். தெற்கில் அடிக்கும் டீசல் குளிருக்குத் தயாரானதல்ல. டெக்சாஸில் இரண்டு ராங்கையும் நிரப்பிக்கொண்டு மினசோட்டாவுக்குப் போனால் மெழுகு பிரிந்து பில்டர் அடைபடும். தெற்கில் தேவைக்கு மட்டும் அடித்து, வடக்கே வந்து நிரப்புங்கள். ஜெல் ஆகாமல் தடுக்கும் மருந்தை டீசல் இன்னும் சூடாக இருக்கும்போதே விடவேண்டும், அடைபட்ட பிறகு விட்டுப் பயனில்லை. ஒரு பில்டர் கூடவே இருக்கட்டும். இரவு முழுக்க எஞ்சினை ஓடவிட்டால் மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 0.8 கலன், பத்து மணித்தியாலத்துக்கு எட்டு கலன். டீசலில் எரியும் சின்ன ஹீட்டர் அதே இரவுக்கு ஒரு கலனுக்குள் முடித்துவிடும். புகையைச் சுத்தமாக்க ஊற்றும் யூரியாத் திரவம் மைனஸ் 11 பாகை செல்சியஸில் உறையும், எஞ்சின் சூட்டில் தானாக இளகும், பயப்படத் தேவையில்லை.

பிரேக்கில் பயப்படவேண்டும். காற்றுத் தாங்கிகளைத் தினமும் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். ஈர ரோட்டில் ஓடிவந்து உடனே நிறுத்தி ட்ரெய்லர் பிரேக்கைப் பூட்டினால் பிரேக் சப்பாத்து (ஷூ) அதன் உருளையோடு (ட்ரம்) உறைந்துவிடும். நிறுத்தமுன் மெதுவாக உருட்டி இரண்டு மூன்று தரம் பிரேக் பிடித்துக் காயவிடுங்கள். உறைந்த சில்லை இழுத்துக்கொண்டு அரை மைல் போனால் ரயரில் தட்டையான இடம் விழும், நான்கு ரயர் மாற்றும் காசு உங்கள் ஒரு கிழமைச் சம்பளத்தைத் தாண்டும்.

எந்தப் பெயரில் வேலை செய்கிறீர்கள் என்பதும் வின்ரரில்தான் உறைக்கும். சொந்த ட்ரக் இல்லாத ட்ரைவரை "ஒரு கொம்பனி பதியுங்கள், கழிவில்லாமல் முழுக் காசும் தருகிறோம்" என்று எடுப்பது ஒன்ராறியோவில் சாதாரணம், நம் ஆட்களும் நிறையப்பேர் அப்படி ஓடுகிறார்கள். கோடையில் காசோலை கொழுத்துத் தெரியும். ஜனவரியில் லோட் இல்லை என்று நிறுத்தினால் வேலையிழப்புக் காப்புறுதி இல்லை, விடுமுறைச் சம்பளம் இல்லை, ஓவர்டைம் இல்லை, வரித் திணைக்களத்தோடு பிரச்சினையும் வரலாம். சாதாரண ஊழியராக டி4 (வருடச் சம்பள வரிச் சீட்டு) வாங்குகிறவர் தகுதி மணித்தியாலம் இருந்தால் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கலாம். எல்லை தாண்டும், மாகாணம் தாண்டும் நெடுந்தூர ட்ரைவருக்குக் கிழமைக்கு 60 மணித்தியாலத்துக்கு மேல் ஓவர்டைம் உண்டு, நத்தாரும் புதுவருடமும் சம்பளத்தோடு விடுமுறை.

ஆகவே கையெழுத்துப் போடமுன் எழுத்தில் கேட்கவேண்டியவை: தறப்பாளுக்கு எவ்வளவு, போடக் கழற்ற இரண்டுக்கும் சேர்த்தா? லோட் ஏற்றக் காத்திருக்கும் நேரத்துக்கு எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு காசு? ரோட் மூடி நின்றால் அது லேஓவரா, "வானிலை" என்று கைவிடுவீர்களா? சங்கிலிக்கு எவ்வளவு? கிழமைக்குக் குறைந்தபட்ச உத்தரவாதம் உண்டா? போன ஜனவரியில் உங்கள் ட்ரைவர்கள் சராசரி எத்தனை மைல் ஓடினார்கள்? கடைசிக் கேள்விக்கு எண் சொல்லாமல் மழுப்பினால் அந்தக் கொம்பனியில் வின்ரர் எப்படியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

மாறுவதற்கு நல்ல நேரம் பெப்ரவரிக் கடைசி அல்லது மார்ச். லோட் ஏறும் பருவத்தில் உள்ளே போவீர்கள், தறப்பாள் போடுவதையும் லோட் கட்டுவதையும் ஐஸ் இல்லாமல் பழக எட்டு மாதம் கிடைக்கும். நவம்பரில் மாறுகிறவர் வேலை குறையும் நேரத்தில் வரிசையின் கடைசி ஆளாக நின்று, எல்லாவற்றையும் உறைந்த கையால் பழகவேண்டும். ஆனால் மார்ச்சில் தொடங்கினாலும் தென் ஒன்ராறியோவில் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் பல உள்ளூர் ரோடுகளில் அரைச் சுமைக் காலம், அச்சுக்கு ஐந்து தொன்தான். மிச்சிகனிலும் மினசோட்டாவிலும் உறைபனி இளகும்போது இதே மாதிரிக் கட்டுப்பாடு உண்டு. மரக்கடைக்கோ கட்டடம் நடக்கும் இடத்துக்கோ லோட் கிடைத்தால், கடைசி ஐந்து மைல் எந்த ரோட் என்று ஏற்றமுன்பே பார்த்துவிடுங்கள்.